முப்பதுக்கு மேலே வருவதெல்லாம் உனக்கு

எங்கள் தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டுக்கு யார் வந்து அழுதுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம், பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு சேர்வதற்குள் நாலு வாசலுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நான் ஒன்பது வயதில், இரண்டு மாதம் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தேன். அந்தச் சாதனையை அதற்குப் பிறகு நானே முறியடிக்கவில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். நடு அறையில் யாராவது படுத்திருந்தால் அவர்களைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். தண்ணீருக்குத் தெருமுனை பம்புதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் ஒருநாளாவது இருந்து பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. திருவொற்றியூரில் அப்படி ஒன்று அமைந்ததும், கையில் கிடந்த நாலு வளையலையும் விற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். மூன்று மாதத்தில் மீதிப் பணம் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது. ராயபுரம் வீடு விற்றால்தான் மீதிப் பணம்.

விற்றுக்கொடுக்க வந்தவர் கேரம் மாமா. கிளப்பில் அவரும் அப்பாவும் ஜோடி. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்தால் அப்பா நேராகக் கேரம் போர்டு முன்னால்தான் போய் நிற்பார். மாமாவுக்குத் தொழில் வீட்டு புரோக்கர். சட்டைப் பையில் இரண்டு போன், இரண்டிலும் சார்ஜ் இருக்காது.

முதல் நாளே கமிஷன் பேச்சு வந்தது. மாமா இரண்டு பர்சென்ட் கேட்டார். தோஸ்துக்கே இரண்டா, ஒன்று போதாதா என்றார் அப்பா. தோஸ்து என்பதால்தான் இரண்டு, வெளி ஆளிடம் வேறு கணக்கு என்றார் மாமா. டீ ஆறி, வேறு டீ வந்து, அதுவும் ஆறியது. கடைசியில் மாமா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி மாமு, எனக்குக் கமிஷனே வாணாம். உன் கைல முப்பது லட்சம் வந்துடும். அதுக்கு மேல எவ்ளோ வந்தாலும் எனக்கு. இன்னா சொல்ற?"

அப்பா உடனே கை கொடுத்தார். சல்லிக்காசு கமிஷன் இல்லாமல் வீட்டை விற்கப்போகிற ஒரே மனிதர் தான்தான் என்று அன்று முழுக்க அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா மட்டும், கமிஷன் வேண்டாம் என்று ஒரு புரோக்கர் சொன்னால் அதைவிடப் பெரிதாக எதையோ பார்த்துவிட்டான் என்று அர்த்தம் என்றாள். கை கொடுத்தாகிவிட்டது, இனி பேச்சில்லை என்றார் அப்பா.

மாமா பார்ட்டிகளிடம் சொன்ன விலை முப்பத்தாறு. வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், கதவைத் தட்டிப் பார்த்தார்கள், விலையைக் கேட்டதும் செருப்பை மாட்டினார்கள். அப்பாவிடம் நேரில் கேட்டால், "புரோக்கர்கிட்ட பேசிக்கோங்க" என்று சுவரைப் பார்ப்பார். இப்படி நாலு பார்ட்டி போய், இரண்டு மாதமும் போய்விட்டது. அம்மா சோற்றைக் கூடக் கோபமாகத்தான் வடித்தாள்.

ஒவ்வொரு பார்ட்டி வரும்போதும் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு முப்பது வந்தா போதும். இதப் போயி வந்தவங்ககிட்ட சொல்லிடாதடி" என்பாள். பிறகு, மாடியைக் காட்டு என்று அவர்களோடேயே என்னை அனுப்புவாள். நான் அப்போதுதான் சர்ச்சில் முதல் முறையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியிருந்தேன். வெள்ளை கவுனும் மெழுகுவர்த்தியுமாக எடுத்த போட்டோ சுவரில் இருந்தது. இனிமேல் நல்ல பிள்ளையாக இருப்பது என்ற முடிவில், ஊமை மாதிரி மாடியைக் காட்டிவிட்டு வருவேன். என்ன பேசினாய் என்று அம்மா கேட்பாள். ஒன்றுமே பேசவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஐந்தாவதாக வந்தவர் வண்ணாரப்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினார். துறைமுகத்து கிரேன்களைப் பார்த்தபடி, "உங்கப்பா எவ்ளோ கேக்கறாரு கண்ணு?" என்றார்.

சொல்லக்கூடாது என்றேன்.

"அப்ப முப்பத்தாறு இல்லியா?"

இல்லை என்றால் ரகசியம் போச்சு. ஆமாம் என்றால் பொய், பொய் பாவம். அந்த அம்மா அவசரமே இல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரகசியத்தைவிட பாவம் பெரிது என்று முடிவு செய்து, முப்பது என்றேன். ரேடியோவைத் திறந்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது, மேலே வருவதெல்லாம் கேரம் மாமாவுக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

கீழே வந்ததும் அவர் பாயின் காதில் குனிந்தார். பாய் சிரித்துவிட்டார்.

"இன்னா புரோக்கரே, ஒரே வூட்ல ஆறு லட்சமா? நான் எத்தினி வருசம் ஆணி விக்கணும் தெரியுமா?"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா, "மாமு, சத்தியமா நான் சொல்லல" என்றார். அம்மா பாய்ந்து வந்து முதுகில் ஒன்று வைத்து என் காதைப் பிடித்தாள். "இந்த வாய வெச்சிகினு எங்கடி போயி குப்ப கொட்டப் போற?" என்றவள், காதை விடாமலேயே பாய் பக்கம் திரும்பினாள்.

"கொழந்த ஒளறிடுச்சு. இனிமே மறைக்க இன்னா கீது பாய்? முப்பத்திரண்டு குடுங்க. புரோக்கருக்கு நாங்க ரெண்டு பர்சென்ட், நீங்க ரெண்டு பர்சென்ட். அவரும் நாலு மாடி ஏறி எறங்கறாரு."

பாய் முப்பத்தொன்று என்றார். அம்மா சரி என்றாள். மாமா விரல் விட்டு எண்ணினார். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. வராத ஆறைவிட வருகிற ஒன்று மேல் என்று அவருக்கும் பட்டிருக்கவேண்டும், தலையாட்டினார். ஆக, முதல் நாள் கேட்ட அதே இரண்டு பர்சென்ட். அதைக் கொடுத்தும் எங்களுக்கு முப்பதுக்கு மேலேயே நின்றது. அன்று சாயங்காலம் அப்பாவும் மாமாவும் ஒன்றாகவே கிளப்புக்குப் போனார்கள். என்னோடுதான் இரண்டு நாள் அப்பா பேசவில்லை.

மறுநாள், பணம் வருகிற விஷயத்தைச் சொல்ல அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட், கையில் சூடாக இரண்டு மிளகாய் பஜ்ஜி. முந்தின நாள் அடி வாங்கியவளுக்கு இது அதிகப்படி. டோல்கேட் தாண்டும்போது எனக்குத் தாங்கவில்லை. இனிமேல் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் அம்மா என்று அழுதுவிட்டேன்.

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். "நாலு பார்ட்டி வந்துட்டுப் போச்சு. ரெண்டு மாசமா வாயத் தொறக்காம இன்னாடி பண்ணிகினு இருந்த?"

வாயைத் திறந்ததற்கு நேற்று அடி, மூடியிருந்ததற்கு இன்று திட்டு. எது தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இரண்டையும் சொல்லிவிட்டேன்.