புள்ளிக்கோட்டுப் பெண்

மரிசோல் கிஸ்பே பெரு நாட்டுக்காரி. தொண்ணூற்றாறில், பிரெஞ்சு பேசும் ரெனான் என்ற ஊரில் ஓர் அலுவலகக் கட்டடத்தை விடியற்காலையில் அவளும் நானும் துடைத்தோம். என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. அவளுக்கு வழக்கே இல்லை, கையில் ஓர் அனுமதிக் கடுதாசியும் இல்லை.

அங்கே ஒரு கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டப் போனால் தானாகத் திறக்கும். எனக்குத் திறக்கும், அவளுக்குத் திறக்காது. கட்டையாக இருப்பதால்தான் என்று பகிடி பண்ணுவேன், அவளும் சிரிப்பாள். ஒருநாள் குனிந்து, அவள் உயரத்தில் போய் நின்று பார்த்தேன். கதவு திறந்தது. அதன் பிறகு பகிடியை விட்டுவிட்டேன்.

மாதாமாதம் ரயில் ஸ்டேஷன் கடையில் ஒரு சூப்பர் ஹீரோ படக்கதைப் புத்தகம் வாங்குவாள். முப்பத்தைந்து வயதில் இது என்ன பைத்தியம் என்று நினைப்பேன். அந்த வருடம் கதையில் ஒரு தென்னமெரிக்கப் பெண் சேரப்போகிறாள் என்று அறிவித்திருந்தார்கள். மரிசோல் நாள் எண்ணினாள்.

வந்தவளுக்குச் சிவப்பு உதடும் இறுகிய உடுப்பும் முன்கோபமும் இருந்தன. ஊர் இல்லை, தாய் இல்லை. அவளுடைய சக்தி மறைவது. சண்டை தொடங்கியதும் அவள் நின்ற இடத்தில் வெறும் புள்ளிக்கோடு மட்டும் இருக்கும்.

“மறையிறதும் ஒரு சக்தியோ?” மரிசோல் புத்தகத்தை வாளிக்குப் பக்கத்தில் எறிந்தாள். “அதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன்!” நாங்கள் கதைத்த அரைகுறைப் பிரெஞ்சு எனக்கு இப்படித்தான் தமிழில் வருகிறது.

பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி, என் விலாசத்தைப் போட்டேன்.

“கீழை என்ரை பேரை முழுசா எழுது, சிவமலர். அது அச்சிலை வரவேணும்.”

ஓம் என்றேன். வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. பொலிஸ் கண்ணில் பட்டால்? அவளுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். பெயரை எழுதாமலே உறையை ஒட்டிப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் அந்தப் புத்தகத்திலேயே அச்சில் வந்தது, ஒரு வரிகூட வெட்டாமல். கீழே ‘ரெனான் வாசகி ஒருவர்’ என்று இருந்தது. மரிசோல் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

“என்ரை பேர் எங்கை?”

“பயத்திலை விட்டிட்டன்.”

“நீயும் என்னைப் புள்ளிக்கோட்டாலை கீறிப்போட்டாய்.”

அடுத்த திங்கள் அவள் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “அப்பிடி ஒருத்தரும் இங்கை வேலை செய்யேல்லையே,” என்றார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அந்த மாதப் புத்தகத்தை நானே வாங்கினேன். அந்தப் புள்ளிக்கோட்டுப் பெண் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் எங்கே என்று கதையில் அவளுடைய கூட்டாளிகள் ஒருவரும் கேட்கவுமில்லை.

பிறகுதான் அந்தக் கண்ணாடிக் கதவு ஆளில்லாமல் திறக்கத் தொடங்கியது. திருத்த வந்தவர் ஒரு பழுதும் இல்லை என்றார். முதல் நாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டாம் நாள் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

“மரிசோல் கிஸ்பே!” என்று வெறும் வாசலைப் பார்த்து உரத்துச் சொன்னேன்.

கதவு மூடவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.