பால் வாளி சுமந்த பழி

மலேசியாவில், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதற்குள் மூன்று கரு தங்காமல் கலைந்திருந்தன. என் கணவரின் அக்கா அதற்குக் காரணத்தைக் கையோடு வைத்திருந்தார். "பால் வாளியத் தூக்கித் தூக்கியே புள்ளைங்கள அழிச்சுட்டா" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தார். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் நான். அந்த ஒரு பேச்சு மட்டும் உண்மையாக இருக்குமோ என்று நானே பயந்தேன்.

நான்காவது தங்கியது. ஏழாம் மாதம் வந்தும் வீட்டில் வளைகாப்புப் பேச்சே இல்லை. வளையல் போட வேண்டியவர் அந்த நாத்தனார்தான். "பேரன் எடுக்கிற வயசுல வளையலா? போட்டா இதுவும் தங்காது" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிகாமட் ரயிலடிக் கடையில் கண்ணாடி வளையல் வாங்கி, முழங்கை வரை நானே போட்டுக்கொண்டேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"என்னம்மா, கல்யாணப் பொண்ணா?" என்றார் கங்காணி.

"இல்லங்க, புள்ளத்தாச்சி" என்றேன். வரிசையே சிரித்தது. அன்றைக்கும் வாளியைத் தூக்கினேன். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது. தூக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டதை வளையல் சத்தம் மறைத்தது.

பெண் பிறந்தாள். அழுத அழுகை பெரட்டுக்களம் வரை கேட்டதாம். ஜெயித்துவிட்டேன் என்று படுத்தபடியே சிரித்தேன்.

அவள் வளர்ந்து நர்ஸ் ஆனாள். ஒருநாள் அந்த மூன்றைப் பற்றிக் கேட்டேன்.

"பொம்பள பொறக்கும்போதே கருமுட்டைங்களும் அவளுக்குள்ள இருக்கும்மா. அவளோட சேர்ந்து அதுங்களுக்கும் வயசாகும். வயசான முட்டை பிரியும்போது உள்ள இருக்கிற குரோமோசோம் பங்கு தப்பிப்போகும். பங்கு தப்பின கரு பெரும்பாலும் தங்காது."

"அப்போ வாளி?"

"வாளி மேல பழி போடாதீங்கம்மா."

நேரே நாத்தனாரிடம் போனேன். கிழவியாகி எங்கள் வீட்டில்தான் இருந்தார். "வாளி இல்ல அண்ணி, வயசு" என்றேன். காதில் விழாதவர் போல வெற்றிலை மென்றார். எதிரில் உட்கார்ந்து, மகள் சொன்னதை முழுக்கச் சொன்னேன்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எனக்கும் கடைசியா ஒண்ணு தங்கல. யாருக்கும் தெரியாது. கிணத்துல தண்ணி எறச்சதாலன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"கிணறும் இல்ல அண்ணி" என்றேன்.