எட்டுத் தடத்திலும் சித்தப்பா

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. சித்தப்பா மெத்தைக் கடையில் சூப்பர்வைசர். தெருவில் அவருக்குப் பெயர் ‘ஸ்டூடியோ’. அது கேலி என்று அவருக்கு மட்டும் தெரியாது. "என்ன ஸ்டூடியோ, பாட்டு எப்ப வெளிய வருது?" என்று யாராவது கேட்டால், நின்று, பையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

"மிக்ஸிங் போய்க்கிட்டிருக்கு சார்."

நான் அரை டிரவுசர் போட்ட காலத்தில் ஆரம்பித்த மிக்ஸிங் அது. இப்போது நான் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டேன்.

அவரிடம் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், தனியாகவே வேலை செய்யும். மேலே வரிசையாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க எட்டுத் தள்ளுகட்டைகள், ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தடம். முதல் தடத்தில் கிடார் வாசித்துப் பதிந்துவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் பாடலாம். அதற்கு மேல் கீபோர்டு, அதற்கு மேல் இன்னொரு குரல். ஒரே ஆள் எட்டு ஆளாக ஆகலாம். சித்தப்பா ஒருவரே அதிகமாக இருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைதான் ஸ்டூடியோ. கடையில் மிச்சமாகும் மெத்தைப் பஞ்சுத் துண்டுகளைக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார். ஜன்னலையும் விடவில்லை. அந்த அறையில் சித்தி தூங்குகிறார் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கட்டடமே மூச்சை அடக்க வேண்டும். மின்விசிறி கூடாது, குக்கர் கூடாது, மாடியில் நாங்கள் நாற்காலியை இழுக்கக் கூடாது. ஒருமுறை என் அப்பா தும்மியதற்கு மாடிப்படியில் பாதி ஏறி வந்து, "அண்ணே, நல்ல டேக் போச்சு" என்று சாவு வீட்டுக் குரலில் சொன்னார்.

இவ்வளவும் செய்து அவர் ஒரு பாட்டையாவது முடித்திருக்கிறாரா? இல்லை. பல்லவி வரை வருவார். பிறகு அதன் மேல் ஏதாவது ஏற்றிக்கொண்டே இருப்பார். சரணம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல பண்றவன் எல்லாம் ஏமாத்துறவன். இது கையால பண்ற வேலை, டைம் எடுக்கும்" என்பார். "உங்க சித்தப்பா குடிக்கிறதில்லையே, அதைப் பாரு" என்பார் அம்மா. குடித்தாலாவது ஒரு நேரத்தில் தூங்கிப்போவாரே என்று எனக்குத் தோன்றும்.

பாடத் தெரிந்தவர் சித்திதான். கல்யாணம் வரை முறையாகக் கற்றவர். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று டாக்டரிடம் வந்த ஒருவர் சொல்ல, சித்தி விண்ணப்பித்தார். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு முழுப் பாட்டு, குரல் மட்டும், எந்த வாத்தியமும் இல்லாமல், தெளிவான பதிவாக. போனில் பதிந்தது வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். சித்தி அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். பல் கழுவிய வாய்களுக்கு டோக்கன் கொடுத்தே வயசாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவர் அவர்.

வீட்டிலேயே ரெக்கார்டர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? அதுதான் சித்தி செய்த தப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கீழேதான் இருந்தோம். சித்தி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பஞ்சுச் சுவருக்கு முன்னால் நின்று, ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் பாடினார். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா தன் ஹெட்போனைக் கழற்றினார். "பரவால்ல. இதை வச்சு மேல கட்டலாம்."

"எதைக் கட்டப் போறீங்க? இது போதும். அவங்க வெறும் குரல்தான் கேட்டாங்க" என்றார் சித்தி.

"வெறும் குரலா? துணியில்லாம தெருவுல போற மாதிரி இருக்கும்மா. நீ பேசாம போ. நான் பாத்துக்கிறேன்."

"மாப்பிள்ளை, அவ சொல்றதைத்தான் கேளுங்களேன்" என்றார் அம்மா.

"அண்ணி, நீங்க டீ போடுங்க."

சாயங்காலம் வரை கதவு திறக்கவில்லை. உள்ளே கிடார் வந்தது. கீபோர்டில் புல்லாங்குழல் வந்தது. அப்புறம் அவருடைய குரலும் வந்தது, ஜலதோஷம் பிடித்த வண்டு மாதிரி. அதையும் வேறு வேறு சுருதியில் ஐந்து தடங்களில் பதிந்தார். இடம் போதவில்லை. அப்போது அவர் செய்ததைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். நிறைந்த தடங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் இறக்கினார். ‘பவுன்ஸ்’ என்று அதற்குப் பெயராம். அப்படிக் கலந்தபின் பழைய தடங்களை அழித்தால் இடம் கிடைக்கும். அழித்தார். சித்தியின் குரலையும் சேர்த்துக் கலந்து, சித்தியின் தடத்தையும் அழித்தார். கிடைத்த இடத்தில் தாளம் போட்டார்.

எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். சித்தி முழுவதும் கேட்டார்.

"நான் எங்க இருக்கேன்?"

"உள்ள இருக்கே. நல்லா கவனி."

"நீங்க முனகுறதுதான் கேக்குது. உங்களதை எடுத்துட்டு என்னுதை மட்டும் குடுங்க."

"அது முடியாதும்மா, கலந்தாச்சு. காப்பில போட்ட சக்கரைய எடுக்க முடியுமா?"

"நான் காப்பி கேக்கலையே. தண்ணிதான் கேட்டேன்."

"சரி, இன்னொரு தடவை பாடுறேன், பதிஞ்சு குடுங்க" என்றார் சித்தி. ரெக்கார்டருக்குள் இருக்கிற மெமரி கார்டு பழைய பாட்டுகளால் நிறைந்துவிட்டது என்றார் சித்தப்பா. ஏதாவது ஒன்றை அழியுங்கள் என்றதற்கு, பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னது போலப் பார்த்தார். "நாளைக்குத்தானே கடைசி நாள்? இதையே அனுப்பு. அசந்துடுவாங்க."

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் சித்தி என்னைக் கீழே கூப்பிட்டார். ஜன்னல் பஞ்சைக் கிழித்துத் தரையில் போட்டிருந்தார். வெளிச்சம் உள்ளே வந்து அந்த அறையின் தூசி மொத்தத்தையும் காட்டியது. கட்டிலின் மேல் ரெக்கார்டர். திரையில் சித்தப்பாவின் பாட்டுகள் வரிசையாக இருந்தன.

"இதுல எதுடா ரொம்பப் பழசு?"

காட்டினேன். அது அவருடைய முதல் பாட்டு. ஆல்பத்துக்கே உயிர் என்று சொல்லிக்கொண்டு திரிவாரே, அது.

"அழிச்சுடுங்க சித்தி. ஒரு நஷ்டமும் இல்ல."

"இருடா. கேக்காம அழிக்கக் கூடாது."

உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பல்லவி, மறுபடி பல்லவி, மறுபடி அதே. முடிந்ததும், "பாவம்" என்று சொல்லிவிட்டு அழிக்கும் பொத்தானை அழுத்தினார். நிச்சயம்தானா என்று திரை கேட்டது. மறுபடியும் அழுத்தினார்.

பிறகு பாடினார். நடுவில் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. சித்தி நிறுத்தவில்லை. அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், அங்கேயிருந்த கம்ப்யூட்டரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

வேலை கிடைத்தது. பதிவு அவ்வளவு தெளிவாக இருந்ததென்று தலைமையாசிரியை போனில் சொன்னாராம். தான் கலந்ததைத்தான் சித்தி அனுப்பினார் என்று நினைத்த சித்தப்பாவுக்கு அது போதும். தெருவில் ஒருவரையும் விடவில்லை. "நம்ம ரெக்கார்டிங்தான் சார். குரல் ஓரளவுதான். சவுண்டுதான் ஆளைத் தூக்கிடுச்சு." மெத்தை வாங்க வருகிறவர்களிடமும் சொல்கிறாராம். முதல் பாட்டு காணாமல் போனது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்!

"ஏன் சித்தி சும்மா இருக்கீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க" என்றேன்.

சித்தி பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா என்னடா பண்ணுவார்? இன்னும் நல்லா பதிஞ்சு காட்டுறேன்னு மைக்கைத் தூக்கிட்டு வருவார். நான் காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்."

இப்போது சித்தப்பாவுக்குப் புதிதாக ஒரு யோசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தால் கோரஸ் பதியலாமாம். அதைச் சொன்ன அன்றுதான் சித்தி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "அந்தப் பிள்ளைங்க பக்கம் வந்தீங்கன்னா, மெஷினைத் தூக்கிக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க, மெத்தை மேல படுக்க வச்சுக்குங்க" என்றார். சித்தப்பா சிரித்தார். "டென்ஷன்ல இருக்கா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜன்னலுக்கு மறுபடியும் பஞ்சு ஒட்டவில்லை. சித்தி விடவில்லை. அதனால் இப்போதெல்லாம் சித்தப்பா பாடுவது தெருமுனை வரை கேட்கிறது.