யாகூப் நானாவின் பணவீக்கக் கொள்கை

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் பொருளாதாரம் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பேசிப் பேசியே சொந்த வீட்டின் வளர்ச்சியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பெருமை யாகூப் நானா ஒருவரையே சேரும். அதனால் அவர் வரலாற்றை எழுதி வைப்பது நம் கடமையாகிறது.

நானாவுக்குத் தொழில், ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரருக்கு வழி காட்டுவது. ஜாதிக்காய், கறுவா, ஏலம் என்று மரம் மரமாகக் காட்டிக் கடைசியில் விருந்தாளியைக் கடைக்குள் கொண்டுபோய் விடுவார். அங்கே ஒரு சிவப்பு எண்ணெய் உண்டு. வழுக்கையில் தேய்த்தால் மூன்று மாதத்தில் முடி முளைக்கும் என்று நானா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருடைய தலை தொப்பிக்குள் பத்திரமாக இருக்கும். தெரியாத விசயத்தையும் தெரிந்தவர்களைவிடத் திருத்தமாகச் சொல்லும் திறமை அவருக்குக் கைவந்தது இப்படித்தான்.

அவர் மனைவி மஸூதா சரக்குத்தூள் விற்கிறவர். கொச்சிக்காய் என்கிற காய்ந்த மிளகாயும் மல்லியும் சீரகமும் வீட்டிலே வறுத்து, வாளியில் கட்டி, பஸ்ஸில் மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு மில்லில் வரிசையில் நின்று அரைத்துக்கொண்டு வருவார். முன்னால் நின்றவர் மஞ்சள் அரைத்திருந்தால் மஸூதாவின் தூளும் மஞ்சளாகவே வரும். சொந்தமாக ஒரு சின்ன மில் வாங்கிச் சமைக்கிற குசினிக்குள் போட வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. அதற்கான முதலும் வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பலருக்கு வங்கி என்றால் அது மூலையில் கிடக்கும் மிளகு மூட்டைதான். வளவில் பறித்ததைக் காயவைத்துக் கட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. எலியும் கிட்ட வராது. நானாவின் படுக்கையறையில் அப்படிப் பல மூட்டைகள் உட்கார்ந்திருந்தன.

இந்த நிலையில் 2023ஆம் ஆண்டு வானொலி ஒரு நல்ல செய்தி சொன்னது. போன வருசம் எழுபது சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம், மளமளவென்று இறங்கி ஆறு சதவீதத்துக்கு வந்துவிட்டதாம்.

அன்று காலை தேத்தண்ணிக் கடையில் நானா தம் கொள்கையை வெளியிட்டார். வீங்கினது வற்றுகிறது, ஆகவே சாமான்களின் விலையெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். மில்லின் விலை விழும், மிளகின் விலையும் விழும். எனவே புத்தியுள்ளவன் மிளகை இன்றே விற்றுக் காசாக வைத்துக்கொண்டு, மில் அடிமட்டத்துக்கு வரும்வரை காத்திருப்பான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் பிளேன்டீக்குக் காசு கொடுக்கவும் முன்வந்தார்.

வீட்டில் மஸூதா மட்டும் கேட்டார்: “மில்லு விக்கிறவன் வெலையக் கொறைக்கிறதாச் சொன்னானா?”

“அவனுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரல்ல,” என்றார் நானா.

மூட்டைகள் போயின. படுக்கையறை விசாலமானது. ஒவ்வொரு மாதமும் நானா மில் விற்கும் கட்டுகஸ்தோட்டைக் கடைக்கு ஃபோன் எடுத்து மில்லின் விலை கேட்பார். அது அசையவில்லை. அசைந்த ஒன்றிரண்டு தடவையும் மேலேதான் அசைந்தது. ஒரு மாதம் அது பழைய ஸ்டொக் என்றார், அடுத்த மாதம் சந்தை தயங்குகிறது என்றார். இதற்கிடையில் மிளகுக்கு யாரோ மந்திரித்துவிட்டது போல விலை ஏறத் தொடங்கியது. மிளகு வாங்கிய முதலாளியின் கடை வாசலைத் தவிர்க்க நானா சுற்றுப் பாதையில் வீட்டுக்கு வந்தார். மஸூதா வாளியோடு பஸ் ஏறிக்கொண்டே இருந்தார்.

புது வருசம் பிறந்ததும், சாமான் விலைக்கு மேல் அரசு போடும் வற் வரி கூடியது. பழைய விலைக்குக் கடைசியாக ஒரு மில் நிற்கிறது, வேண்டுமென்றால் இந்தக் கிழமையே வர வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நானா காசைக் கட்டிக்கொண்டு கண்டி பஸ் ஏறினார்.

வழியில் அக்குறணையில் பஸ் வழக்கம்போல வாகன நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டது. கொண்டக்டர் சசிக்குமார் நானாவுக்குப் பழக்கமானவர். இந்தப் பஸ்ஸில் ஏறியதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று நானா அவரிடம் எரிந்து விழுந்தார்.

“மாத்தளையில எழுபதுல பறந்தோம், இங்க ஆறுல ஊருறோம், அவ்வளவுதானே நானா,” என்றார் சசிக்குமார், டிக்கெட் கிழித்தபடி. “மெதுவாப் போனாலும் முன்னாலதானே போகுது. பின்னுக்கா போகுது?”

நானா அந்த இரண்டு எண்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எழுபது, ஆறு. எழுபது என்பது விலை ஏறிய வேகம். ஆறு என்பதும் விலை ஏறுகிற வேகம்தான். வேகம் குறைந்தால் விலை மெதுவாக ஏறுமே தவிர, திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்காது. இத்தனை மாதமும் தாம் பஸ் ஹோல்ட்டில் நின்று, போன பஸ் பின்னுக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். கட்டுகஸ்தோட்டையில் இறங்கும்போது, நீ சொன்னதுதான் சரி என்று சசிக்குமாரிடம் ஒத்துக்கொண்டார். அலுவிகாரை வரலாற்றில் இது பதியப்பட வேண்டிய ஒப்புதல்.

கடையில் கணக்குப் பார்த்தால், கையில் இருந்தது மில்லுக்குக் காணும், அதைச் சுழற்றும் மோட்டருக்குக் காணாது. இன்னும் பொறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தவர், அப்படி யோசித்ததற்குத் தாமே வெட்கப்பட்டு, மில்லை மட்டும் வாங்கி லொறியில் ஏற்றினார்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மஸூதா மோட்டர் இல்லாத மில்லைச் சுற்றி வந்து பார்த்தார்.

“வெள்ளக்காரன் தலையில எண்ண தேய்ச்சது காணாதுன்னு, எங்க தலையிலயும் தேய்ச்சிருக்கீங்க,” என்றார்.

மஸூதா ஃபோனை எடுத்துப் பல்லேகமயில் வயல் செய்கிற தம்பி நுஹ்மானைக் கூப்பிட்டார். உழவு முடிந்து அவனுடைய கைட்ராக்டர் சும்மா நிற்பது அவருக்குத் தெரியும். அறுவடை வரைக்கும் அதைக் கொடுத்தால் அரைக்கும் கூலியில் பங்கு தருவதாகப் பேச்சு முடிந்தது. கைட்ராக்டர் ஒரு மரக்கறி லொறியில் வந்து இறங்கியது. அதைக் குசினிச் சுவருக்கு வெளியே நிறுத்தி, ஜன்னல் கம்பி இரண்டைக் கழற்றி, அதன் வழியாக இன்ஜின் சுழற்றும் ரப்பர்ப் பட்டியை உள்ளே இழுத்து மில்லில் மாட்டினார்கள். நுஹ்மான் இன்ஜினை முடுக்கினான். வீடு அதிர்ந்தது. முதல் கொச்சிக்காய் அரைபட்டதும் நானா தும்மினார், நுஹ்மான் தும்மினான், வீதியில் போன ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டுத் தும்மினார். அந்தத் தும்மல்தான் விளம்பரம். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்னேரமே மல்லியோடு வந்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, இமையெல்லாம் சிவந்த தூளோடு மஸூதா கேட்டார்: “டீசலுக்குப் போக ஏதாச்சும் நிக்குமா?”

இலாபவீதம் என்று தொடங்கப் போன நானா ஒரு தடவை இருமினார்.

“கூலி பத்து ரூவா வந்தா மூணு டீசலுக்கு, ரெண்டு ஒன் தம்பிக்கு, அஞ்சு ஒனக்கு,” என்றார். “இதே மாதிரி ஆளு வந்தா அறுவடைக்கு முந்தி மோட்டர் வாங்கலாம். வராட்டி இன்னும் ஒரு மாசம் போகும்.”

“இது வெளங்குது,” என்றார் மஸூதா. தாம் வறுத்து வைத்திருந்த சரக்கை மில்லின் வாயில் கொட்டி, ஜன்னல் வழியாகத் தம்பிக்குக் கை காட்டினார்.