பட்டியலின் கடைசிப் பெயர்

உரும்பிராயில் ஒரு விவசாயிகள் சங்கத்துக்குக் கொம்பியூட்டர் நன்கொடையாக வந்தபோது, அதற்குப் புறோகிறாம் எழுதியவர் கிளாக்கர் சண்முகநாதன். விதைவெங்காயம் யாருக்கு எவ்வளவு என்று அது பிரித்து அச்சடித்துத் தரும். எழுதியதை அவர் பூட்டியும் வைத்தார். புறோகிறாம் ஓடும், உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்க்கவோ மாற்றவோ முடியாது. பூட்டாத பிரதி ஒரு பிளொப்பியில், அவருடைய துணிப்பைக்குள் வீட்டுக்கும் சங்கக் கந்தோருக்கும் போய்வந்தது.

மனைவி பாலேஸ்வரிக்கு இந்தச் சங்கதிகள் அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் சங்கத்திலிருந்து ஆள் வந்தால் மனிதர் காய்ச்சலோடும் சைக்கிளை எடுப்பதையும், அச்சுத்தாளின் அடியில் ஒரு பெயரைப் பேனையால் எழுதுவதையும் கண்டிருக்கிறாள். பட்டியலின் கடைசி ஆள் எப்போதும் விடுபட்டுப் போவாராம். ஏனென்று புறோகிறாம் எழுதிய அவருக்கே பிடிபடவில்லை. அந்த வெட்கமும் பூட்டுக்கு ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டாள், கேட்கவில்லை.

எண்பத்தொன்பதில் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை தகப்பனின் விரலைப் பிடித்தபடி கண்ணயர்ந்த நேரம், சங்கத்துக் களஞ்சியகாரர் பஞ்சலிங்கம் வந்து நின்றார். லொறியில் விதை குறைவாக வந்திருக்கிறது, பங்கை மாற்றவேண்டும், சனம் வாசலில் நிற்கிறது என்றார்.

“தட்டெழுதிற செல்வநாயகியும் கொம்பியூட்டர் படிச்சவதானே. அவவுக்கு ஏலாதோ?” என்று பாலேஸ்வரி கேட்டாள்.

“ஏலாது. நான் பூட்டி வைச்சிருக்கிறன்.” அவர் குரல் தாழ்ந்தது. “திறந்துவிட்டா என்னை ஆர் தேடப்போகினம்?”

“அப்ப போயிட்டு வாங்கோ. பிள்ளையின்ரை கையை நீங்களே எடுத்துவிடுங்கோ. என்னாலை ஏலாது.”

அவர் மகள் பிடித்திருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றக் கையால் பையைத் துழாவி, பிளொப்பியைப் பஞ்சலிங்கத்திடம் நீட்டினார்.

“செல்வநாயகியிட்டைக் குடுங்கோ. உதுக்குப் பூட்டில்லை.”

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த பிறகும் சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. லீவில் நின்ற சண்முகநாதன் மகளுக்குக் கஞ்சி ஆற்றினார். கண் மட்டும் படலையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகி விசுக்கோத்துப் பெட்டியோடு வந்தாள். விதை பங்கிட்டாயிற்று என்றவள், கொஞ்சம் தயங்கினாள்.

“அண்ணை, கோவியாதேங்கோ. அதுக்குள்ளை ஒரு பிழை கிடந்தது. நான் கைவைச்சிட்டன்.”

அவர் முகம் இறுகியதைப் பாலேஸ்வரி கண்டாள். செல்வநாயகி அச்சுத்தாளை விரித்தாள். கடைசியாகச் சங்கத்தில் சேர்ந்த சின்னத்தங்கத்தின் பெயர், மற்றப் பெயர்களைப் போலவே அச்சில் விழுந்திருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு வருசமா உந்தச் சின்னத்தங்கத்தோடை மல்லுக்கட்டினனான். எங்கை பிழைச்சது? இருந்து சொல்லும்.”

“சொல்லுறன். ஆனா நடுவிலை ஒரு இடம் எனக்கு விளங்கேல்லை. அதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

பாலேஸ்வரி மகளைத் தூக்கி அவர் மடியில் இருத்திவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கப் போனாள்.