மீசை வைத்த சக்களத்தி

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். தையல்காரியின் கதையில் காத்திருந்தவள் அவள். புருஷனைக் கொண்டுபோனவன் கனத்த கண்ணாடியும் மீசையும் வைத்த ஓர் ஆள். பட்டப்பெயர் சோடாபுட்டி. ஜெயிலில் புருஷனோடு ஒரே அறையில் கிடந்தவன்; இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அவள் புருஷன் லாரி ஓட்டியவன். ஓர் அடிதடியில் அவன் ஓங்கிய கம்பி ஒருவன் உயிரைக் குடித்துவிட்டது. ஏழு வருஷம் உள்ளே. அத்தனை வருஷமும் அவள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுத்து வயிற்றைக் கழுவினாள். "அவனை விட்டுத் தொலை" என்ற அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டாள். மாதம் தவறாமல் மனு போட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று புருஷனைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டே நிற்பான். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பான்.

விடுதலையாகி வந்தவன், வீட்டிலும் கதவு மூடியிருந்தால் அப்படியே நின்றுவிடுவான், யாராவது வந்து திறக்கட்டும் என்று. உள்ளே இருந்த பழக்கம். அவள்தான் ஓடிப்போய்த் திறப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. வயிறெரிந்தது வேறொன்றுக்கு. சாப்பாட்டில் உப்பு குறைந்தால், "சோடாபுட்டி இருந்தா கிண்டல் பண்ணியிருப்பான்." மழை வந்தால், "பாவம், சோடாபுட்டிக்கு மூட்டு வலிக்கும்." ஒருநாள் தூக்கத்தில் புரண்டு, "தள்ளிப் படுடா" என்றான். பொம்பளையாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருக்கலாம். மீசை வைத்த சக்களத்தியை என்ன செய்வது?

சோடாபுட்டியைப் பார்க்கப் புருஷன் ஜெயிலுக்குக் கிளம்பியபோது, "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று திட்டம்.

வலைக்கு அந்தப் பக்கம் வந்த ஆள் ஒட்டிப் போன கன்னமும் அழுக்குச் சட்டையுமாக இருந்தான். அவளைப் பார்த்ததும் கும்பிட்டான். "அண்ணி, தோள்பட்டை வலி தேவலையா? உங்க அண்ணன் பேசிட்டாரா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்கென்று சொன்னதெல்லாம் இவன் காதுக்கும் போயிருக்கிறது!

"எனக்கு மனு போட ஒரு நாதி கிடையாது, அண்ணி. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு, நீங்க சொன்னதையெல்லாம் ஒண்ணுவிடாம எனக்குச் சொல்வாரு. சொல்லி முடிச்சு அழுவாரு பாருங்க, வாயில துண்ட வச்சு அடைச்சுக்கிட்டு. நான்தான் முதுகத் தடவிவிடுவேன்."

"டேய், சும்மா இருடா" என்று புருஷன் தரையைப் பார்த்தான்.

கொண்டுவந்த நாலு வார்த்தையும் அவளுக்கு மறந்துபோயிற்று. ஏழு வருஷமாக அவளுக்குச் சிரிப்பு, இவனுக்கு அழுகை. நல்ல பங்கை இவன் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். வரும்போது எரிந்ததைவிட இப்போதுதான் அதிகம் எரிந்தது.

பஸ்ஸில் கேட்டாள். "அழுதீங்களாமே?"

"அவன் கிடக்கான், கதை விடுவான். நான் ராஜா மாதிரில்ல இருந்தேன்" என்று சிரித்தான். வலைக்குப் பின்னால் பார்த்த அதே சிரிப்பு.

வீட்டுப் பூட்டைத் திறந்து அவள் முதலில் உள்ளே போனாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டது. வெளியே அவன் வழக்கம்போல நின்றான். இந்தத் தடவை அவள் ஓடிவரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்.

"அடுத்த மனு நான் போடுறேன். நீங்க வர வேண்டாம். உங்களப் பத்தி அவர்கிட்ட எனக்கு நிறையக் கேக்க வேண்டியிருக்கு."