அம்மா ஓடிய படம்

சினிமாவுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டதும், சவரம் செய்துகொண்டிருந்த அப்பா கையை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவள் அம்மா. வாரத்தில் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைப்பதிலேயே அவளுக்குப் போய்விடும். தியேட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது என்றுதான் நாலாவது படித்துக்கொண்டிருந்த நான் நினைத்திருந்தேன்.

அன்று தமிழ் வருடப் பிறப்பு. கம்பெனிக்கும், அப்பா தோல் பதனிடும் வேலை செய்த ஷாப்புக்கும் விடுமுறை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அதே நாளில் வெளியான ஒரு ராஜா கதைப் படத்தை, வெள்ளி விழா என்று சொல்லி ரசிகர்கள் அன்று ஒருநாள் மட்டும் ஓட்டினார்கள்.

"பாலாத்துல எடுத்த படம். நான் அதுல ஓடறேன்" என்றாள் அம்மா.

"இத்தினி வருஷமா சொல்லவே இல்ல?" என்றார் அப்பா.

"நீங்க கேக்கல."

அம்மா பிறந்த ஊர் பாலாற்றங்கரையில் இருந்தது. அவள் என் வயதில் இருந்தபோது ஷூட்டிங்காரர்கள் வந்து, எதிரிப் படைக்குப் பயந்து ஓடும் குடிமக்களாக ஊர் ஜனங்களை மணலில் ஓடவிட்டார்களாம். அப்பா வீட்டிலேயே இருந்துவிட, படம் வந்தபோது ஏன் பார்க்கவில்லை என்று வழியெல்லாம் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே போனேன். வீட்டில் யாரும் போகவில்லை என்று மட்டும் சொன்னாள்.

தியேட்டர் வாசல் கல்யாண வீட்டைப் போலிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். நடிகரின் கட்டவுட்டுக்கு ஏணி வைத்து ஏறி மாலை போட்டார்கள். அப்பா வயது ஆட்கள் பட்டாசுச் சத்தத்தில் விசிலடித்து ஆடினார்கள். ஒரு படத்துக்குப் பிறந்தநாள் உண்டு என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அந்தப் படத்தில் என் அம்மா இருக்கிறாள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாதே என்று தவித்தேன். உள்ளே பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு முறுக்கு தின்பதைத் தொடர்ந்தார்.

விளக்கு அணைந்து திரை ஒளிர்ந்தபோது கோயிலில் கற்பூரம் காட்டும் நேரத்தைப் போல என் கை தானாகக் குவிந்தது. ஆனால் இடைவேளை முடிந்து எதிரிப் படை கோட்டைக்குள் நுழைந்த அடுத்த நொடியே ஜனங்கள் எல்லோரும் ஒரு காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வரவேயில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "ஆத்தக் காணமே" என்றாள்.

படம் முடிந்து எல்லோரும் வெளியே போக, அவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆப்பரேட்டர் அறைக்கு மாடிப்படி ஏறினாள். கடைத்தெருவில் கத்தரிக்காய் விலையைக்கூடக் குறைத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவள் அவள்.

உள்ளே இருந்தவர் வியர்வையில் நனைந்த பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "அந்த ரீலு அறுந்து அறுந்து நிக்குதும்மா. ஜனங்க பேஜார் பண்ணுவாங்க. அதான் எடுத்துட்டேன்" என்றார்.

"அதுல நான் இருக்கேண்ணா. அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் போடுங்க."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ரீல் டப்பாக்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் திரும்பவும் டிக்கெட் எடுத்தோம்.

மேட்னியில் ஆறு வந்தது. பஸ்ஸில் பாலம் தாண்டும்போது ஜன்னலில் நான் பார்க்கும் அதே மணல், திரை கொள்ளாமல் விரிந்து கிடந்தது. கோடு கோடாக மழை பெய்வதுபோல் படத்தில் கீறல். தொலைவில் புழுதி கிளம்பியது. மூட்டை முடிச்சோடு கூட்டம் ஓடி வந்தது. அதிலிருந்து இரண்டு பெண்கள் கைகோத்தபடி நேராக எங்களை நோக்கி வந்தார்கள். வர வர வளர்ந்தார்கள். சின்னவள் அம்மா. ரெட்டைச் சடை, அதே முன்பல். எங்கள் வீட்டைவிட உயரமாக, என் வயதில், மூச்சிரைத்துக்கொண்டு என் அம்மா வந்தாள். அதற்குப் பிறகு கடலைப் பார்த்திருக்கிறேன், விமானத்திலிருந்து மேகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பிரமிப்பு மறுபடி வரவில்லை.

திடீரென்று படம் நின்றது. இரண்டு முகங்களும் அசையாமல் திரையை நிறைத்தன. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். அவள் காதில் விழவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, கொப்புளம் விட்டுப் பெரிதாகி, சின்னவளின் கன்னத்தைத் தின்றது. பிறகு திரை வெள்ளையாகிவிட்டது. அரங்கமே ஊளையிட்டது.

அம்மா ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆப்பரேட்டர் திட்டிக்கொண்டே எரிந்த இடத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். அம்மா கீழே கிடந்த துண்டைக் காட்டி, "அத எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

வாசலுக்கு வந்ததும் தபால் தலை அளவே இருந்த அந்தத் துண்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிடுங்காத குறையாக நானும் வாங்கிப் பார்த்தேன். பெரியவள் முகம் துளிக்கூடக் கெடாமல் இருந்தது. அவள் கையைப் பிடித்திருந்த இடத்தில் அம்மா இல்லை. சுருங்கிக் கருகிய ஓட்டைதான் இருந்தது.

"உன் மூஞ்சி போயிடுச்சும்மா" என்று அழ ஆரம்பித்தேன்.

"போவட்டும்" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். துண்டைக் கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

கூட ஓடியவள் அம்மாவின் அக்கா என்பதும், படம் வெளிவரும் முன்பே அவள் காமாலையில் இறந்துபோனாள் என்பதும், அவளை யாரும் ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கவில்லை என்பதும் நான் காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் நடித்த என் அம்மா எரிந்துபோனாள் என்பதுதான். யாரோ ஒரு பெண்ணின் படத்தை இவள் எதற்கு இத்தனை பத்திரமாக எடுத்துப் போகிறாள் என்று யோசித்தபடி, பாவம் அம்மா என்று வீடு வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.